மின்தடைக்கு வீட்டில் ஜெனரேட்டர் வைப்பதென்றால் எத்தனை கேவிஏ வாங்கலாம்?

நாலு ஃபேன், எட்டு லைட், ஒரு ஃப்ரிட்ஜ், முடிந்தால் ஒரு ஏசி என்று கணக்குப் போட்டு, 2 கேவிஏ போதுமா 5 கேவிஏ வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். (கேவிஏ என்பது ஜெனரேட்டர் எவ்வளவு லோடு தாங்கும் என்பதற்கான அளவு.) எல்லாம் சரி, மோட்டாரைக் காணோமே? தனி வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் போர்வெல் இருக்கும், மாடியில் டேங்க் இருக்கும். டேங்க் காலியானால் அந்த எட்டு லைட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

ஃபேனும் லைட்டும்தான் கவலை என்றால் ஜெனரேட்டரே வேண்டாம். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரி ஒன்றும் சாதாரண இன்வெர்ட்டரும் போதும். காகிதக் கணக்கில் 1,800 வாட் மணி. அதில் முக்கால்வாசி கைக்கு வந்தால் பெரிது. மூன்று ஃபேன், நாலு எல்இடி பல்பு என்றால் நாலைந்து மணி நேரம் தாங்கும். 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் இன்னும் நீளும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி மத்தியானம் கொடுக்கிறார்களே, அதற்கு இது தாராளம். ஆனால் கரண்ட் நாள் கணக்கில் வராவிட்டால் முதல் ராத்திரியே பேட்டரி படுத்துவிடும், அப்புறம் அதைச் சார்ஜ் செய்யவும் கரண்ட் வேண்டும். ஜெனரேட்டர் அந்த நாட்களுக்கானது.

என் கதையைச் சொல்கிறேன். பேராவூரணிப் பக்கம் கிராமம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். வீட்டில் நான், அத்தை, பிள்ளைகள். 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும், வந்தாலும் வோல்டேஜ் இருக்காது, மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். வளையலை அடகு வைத்துத்தான் பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினேன். கடைக்குப் போனால் "சார் வரலியாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. சார் வரவில்லை, நான்தான் வந்திருக்கிறேன், எங்கள் வீட்டில் ஒரு எச்பி சப்மெர்சிபிள் மோட்டார், இது இழுக்குமா என்று கேட்டேன். 2 கேவிஏ மெஷினைக் காட்டி, "ஒரு எச்பி 746 வாட்தானம்மா, இது தாராளமா இழுக்கும்" என்றார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 746 வாட் என்பது மோட்டார் வெளியே கொடுக்கும் வேலை. உள்ளே அது எடுத்துக்கொள்வது 1,100, 1,200 வாட் வரும். அதுவும் ஓடத் தொடங்கிய பிறகு. சுவிட்சைத் தட்டும் அந்த நொடியில் வழக்கமாக இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு ஆம்பியரைக் கேட்கும். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரும் இதே ஜாதிதான், அளவில் சின்னது. அந்த ஒரு நொடியைத் தாங்காத மெஷின் ஒன்று அணைந்துவிடும், இல்லையென்றால் வோல்டேஜ் விழுந்து மோட்டார் சுற்றாமல் சூடாகி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். இன்னொன்று, அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு. தொடர்ந்து எவ்வளவு கொடுக்கும் என்பது மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படியுங்கள். ஒரு எச்பி போர் மோட்டாருக்கு 3 கேவிஏ-க்குக் குறைந்து எடுக்காதீர்கள்.

நான் 3 கேவிஏ எடுத்தேன். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து மோட்டாரை ஓட்டிக் காட்டினால்தான் பாக்கிப் பணம் என்று சொல்லிவிட்டேன். அலுத்துக்கொண்டேதான் வந்தார்கள். பேனல் பாக்ஸில் ஆம்ப்ஸ் முள் விருட்டென்று கடைசிக்குப் போய் வந்து ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றது. இன்ஜின் ஒரு முக்கு முக்கிவிட்டுச் சமாளித்துக்கொண்டது. பிறகுதான் பணம் கொடுத்தேன். நீங்களும் இப்படியே கேளுங்கள், தவறில்லை.

கேவிஏ-வை விட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று உண்டு, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். கரண்ட் போகும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? அவரால் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய முடியுமா? "வாங்கியது அவர், இழுக்கத் தெரிந்தவரும் அவர், அவரோ துபாயில்" என்று ஜெனரேட்டர் மேல் துணி காயப்போட்டிருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. கீ ஸ்டார்ட் இருக்கிறதே என்பீர்கள். சும்மா கிடந்தால் அந்தப் பேட்டரி இறங்கிவிடும், கடைசியில் கயிறுதான். அதனால் கடையிலேயே உங்கள் மனைவியையோ அம்மாவையோ இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வால்வைத் திறந்து, சோக்கை இழுத்துவிட்டு, கயிறு பிடிமானம் கொடுக்கும் வரைக்கும் மெதுவாக இழுத்து, அங்கிருந்து ஒரே வீச்சு. பிடித்துக்கொண்டதும் சோக்கை உள்ளே தள்ள வேண்டும். ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டுப் பிறகு லோடு கொடுக்க வேண்டும், அதிலும் மோட்டாரை முதலில். பலம் அவ்வளவு வேண்டாம், பழக்கம் வேண்டும்.

2014-15 வாக்கில் மின்வெட்டு குறைந்ததும் எல்லோருக்கும் கேலிப்பொருள் ஆனது என் ஜெனரேட்டர். நான் விற்கவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் வெளியே எடுத்து, மோட்டாரைக் கொடுத்து கால் மணி நேரம் ஓட்டுவேன். நிறுத்தும்போது சுவிட்சில் நிறுத்தாமல் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கட்டும் என்று விடுவேன். பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் பிசினாகி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையை அடைத்துக்கொள்ளும். "ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை" என்பவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு இதுதான். அமாவாசைக்கு ஜெனரேட்டருக்குப் படையல் போடுகிறாள் என்று ஊரில் சொன்னார்கள், சொல்லட்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் தெருவில் ஒரு கம்பம் நேராக இல்லை. தென்னையெல்லாம் லைன் மேல்தான் கிடந்தது. மாவட்டங்கள் முழுக்கச் சேர்த்தால் லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் விழுந்தன, நினைத்தாலும் சீக்கிரம் சரிசெய்ய முடியாது. அத்தைக்குச் சர்க்கரை, ஃப்ரிட்ஜில் இன்சுலின். முற்றத்தில் கிடந்த மட்டைகளை ஒதுக்கிவிட்டு இழுத்தேன், இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. குழாயில் முதலில் காற்று புர்ரென்று வந்தது, பிறகு செம்மண் கலங்கல், அப்புறம் தண்ணீர்.

கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. தெருவே எங்கள் வேலியோரம் குடத்தோடு நின்றது. திண்ணையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு வைத்தேன். எல்லாமே ஒரே மாதிரிக் கறுப்பு போன்கள், அதனால் பேரெழுதிய சீட்டை ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். நான் கேட்டது பெட்ரோல் மட்டும்தான். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறது, பங்க்கில் வரிசை, கேனில் தரமாட்டேன் என்கிறார்கள், நான் ஒருத்தி எங்கே போவேன்? முடிந்தவர்கள் வண்டியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக் கொடுங்கள், முடியாதவர்கள் சும்மா பிடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன். அந்த நாட்களில் டாடா ஏஸில் டீசல் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்து ஒரு டேங்க் நிரப்ப ஐந்நூறு ரூபாய் வாங்கினார்கள், அவர்களை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. "டீச்சர் கரண்ட் வித்து சம்பாரிச்சா" என்று (டீச்சர் என்றால் நான்தான்) இன்றைக்கும் கல்யாண வீட்டில் பேசுகிற சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு டேங்க்கும் எங்கள் மெஷினில்தான் நிறைந்தது. பாட்டில் மட்டும் கடைசிவரை வரவில்லை.

சொல்ல வந்ததே மறந்துபோகிறது. அதே வாரத்தில்தான் தென்னைக் கணக்கெடுக்க வந்தார்கள். விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500. குருத்து முறிந்து நின்ற மரங்களை "நிக்குதேம்மா" என்று கணக்கில் சேர்க்கவில்லை. நின்றதுதான். அடுத்த கோடைக்குள் மட்டை காய்ந்து தலை விழுந்தது. இருபது வருஷம் காய்க்க வேண்டிய மரம். இதைக் கேட்க யாரும் இல்லை, உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

தெரு லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைக்காதீர்கள். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் வராந்தா பாயிண்டில் செருகினால் வீடு முழுக்க லைட் எரியும் என்று எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணனே சொன்னார். எரியும். கூடவே அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருக் கம்பத்துக்கும் போகும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாகப் புகுந்தால் 230 வோல்ட் 11,000 ஆகி மேல் லைனில் நிற்கும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார். கஜாவுக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்து, பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொண்டு கம்பம் நட்டார்கள். அவர்களில் ஒருவரை நம் வீட்டு ஃபேன் கொன்றுவிடக் கூடாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுகிற டபுள் போல் சுவிட்சாகக் கேட்டு வாங்குங்கள். எர்த்தும் போடுங்கள்.

மழை பெய்கிறதே என்று மெஷினை வராந்தாவுக்குள் ஏற்றவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கம், அவ்வளவுதான். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை போடுங்கள். சைலன்சர் வீட்டைப் பார்க்காமல் திரும்பியிருக்கட்டும்.

"இந்தக் காலத்தில் ஜெனரேட்டரா, சோலார் போடலாமே" என்று யாராவது வருவார்கள். போடுங்கள், நான் எதிரி இல்லை. ஆனால் மானியத்தோடு மாடியில் போடுவது பெரும்பாலும் ஆன்-கிரிட், அதாவது தெரு லைனோடு சேர்ந்தே ஓடுவது. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. லைன்மேன் பாதுகாப்புக்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் என்றால்தான் புயல் நாளில் உதவும், அதற்கும் மோட்டார் கணக்கு இதேதான்.

டீசல் வாங்கலாமா என்றால், தினமும் பல மணி நேரம் ஓட்டுபவர்களுக்குச் சரி. வருஷத்துக்குச் சில நாள் என்றால் அந்த எடையும் சத்தமும் தேவையில்லை. மெதுவான சத்தத்தில் ஓடும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் கம்ப்யூட்டருக்கு நல்லது, பெட்ரோலும் குறைவு, விலைதான் கையைக் கடிக்கும். தோட்டத்தில் த்ரீ பேஸ் மோட்டார் என்றால் இந்தப் பேச்சே வேறு. டிராக்டர் வைத்திருந்தால் பின்னால் பிடிஓ-வில் (இன்ஜின் சுற்றிவிடும் தண்டில்) மாட்டும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். ஏசியை மறந்துவிடுங்கள். பழைய வகை ஒன்றரை டன் ஏசிக்கு 5 கேவிஏ வரைக்கும் போக வேண்டும், அதற்கு ஊற்றுகிற பெட்ரோலில் மோட்டார் ஓடட்டும்.

மோட்டார் எத்தனை எச்பி, போர் எத்தனை அடி, சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்று எழுதுங்கள். பேனல் பாக்ஸின் கதவைத் திறந்து ஒரு படம் எடுத்துப் போட்டால் இன்னும் சரியாகச் சொல்வேன். மெயினை அணைத்துவிட்டுத் திறவுங்கள்.