கடற்கரை மணலில் ஊசியைப் புதைக்கலாமா? மருத்துவக் கழிவு: கேள்வி பதில்

அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது மண்டபத்தில் ஓய்வில் இருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அக்கா, பாசி எடுக்கப் போகும்போது கரையில் ஒதுங்கிக் கிடந்த ஊசி காலில் குத்திவிட்டது. ரத்தத்தைப் பிழிந்துவிட்டேன், போதுமா? (சின்னப்பாலம்)

போதாது அம்மா. பிழியவும் கூடாது, காயம்தான் பெரிதாகும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பிளீச்சிங் தண்ணீர் எதையும் ஊற்ற வேண்டாம். இன்றே மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். டி.டி. ஊசியும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசியும் தேவையா என்று பார்ப்பார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேண்டுமென்று மருத்துவர் முடிவு செய்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி உடனே இன்னொருவரைக் குத்தினாலே ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் தொற்றும். வெயிலில் கிடந்த ஊசியில் அந்த வாய்ப்பு இன்னும் குறைவு. எனக்குக் கவலை ஹெபடைடிஸ் பி பற்றித்தான். அந்தக் கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாளாவது தாங்கும். விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்கும் நீங்கள் எல்லோரும் அந்தத் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்.

சிஸ்டர், எங்கள் கிளினிக்கில் சேரும் ஊசி, பஞ்சு எல்லாவற்றையும் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கிறோம். தவறா? (தேவிப்பட்டினம்)

தவறுதான் தம்பி. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் ஆழப் புதைப்பதை அனுமதிப்பது, பல மருத்துவமனைகளின் கழிவைச் சேகரித்து அழிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி வந்து சேர முடியாத ஒதுக்குப்புற ஊர்களுக்கு மட்டுமே. அங்கேயும் குழி இரண்டு மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். பாதிதான் கழிவு, அதற்கு மேல் சுண்ணாம்பு, பிறகு மண். எல்லாவற்றையும்விட முக்கியமானது, குழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே ஆறு மீட்டராவது இருக்க வேண்டும் என்பது.

உங்கள் கொல்லையை நினைத்துப் பாருங்கள். நம் கரையோரப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தை நிரப்புவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையால் தோண்டினால் நீர் ஊறும் மண்ணில் ஆறு மீட்டருக்கு எங்கே போவது? நீங்கள் புதைத்தது அந்தக் குடத்துக்குத்தான் வந்து சேரும். அந்த நிலையத்தின் வண்டிக்குப் பதிவு செய்யுங்கள். அது வரும்வரை பூட்டிய அறையில் வையுங்கள், 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

அப்படியானால் எரித்துவிடலாமா? (அதே கிளினிக்)

வேண்டவே வேண்டாம். அந்த நிலையத்தின் எரிஉலையில் முதல் அறை 800 டிகிரி, இரண்டாவது அறை 1050 டிகிரி அளவில் எரியும்; புகைபோக்கி 30 மீட்டர் உயரம். தகர டிரம்மில் குளூக்கோஸ் டியூபைக் கொளுத்தினால் டையாக்சின் என்ற நச்சுதான் தெருவுக்குப் பரவும். ஊசியோ சாம்பலுக்குள் அப்படியே கிடக்கும்.

மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கழிவைப் பிரித்துப் போடும் நான்கு நிறங்களும் குழப்புகின்றன. (ராமநாதபுரம்)

ஒரே ஒரு ஊசி போடுவதை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். மருந்து இருந்த கண்ணாடி ஆம்பூல் நீலத்துக்கு. ஊசிமுனை துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. முனை நீக்கிய பிளாஸ்டிக் சிரிஞ்ச் சிவப்புக்கு. ரத்தம் துடைத்த பஞ்சு மஞ்சளுக்கு. சிரிஞ்ச் சுற்றி வந்த காகித உறை சாதாரணக் குப்பை. மருத்துவமனைக் குப்பையில் சுமார் 85 சதவீதம் இப்படிச் சாதாரணமானதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பிடி ரத்தப் பஞ்சு அதில் விழுந்தால் மொத்தமும் ஆபத்தான கழிவாகிவிடும். அதனால் பிரிக்க வேண்டிய இடம் நோயாளியின் கட்டிலருகே. பின்கட்டில் கொட்டிவைத்துக் கிளறுவது உங்கள் வேலையே இல்லை. யாராவது அப்படிச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

போட்டு முடித்த ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிப் போடும்போதுதான் என் இடது பெருவிரலில் குத்தியது. பரிசோதனை முடிவு தெரியும்வரை என் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கவே நடுங்கினேன்.

அம்மாவுக்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின். ஊசிகளை என்ன செய்வது? (கீழக்கரை)

மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேருங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி ஒட்டி, மேலே ‘ஊசி’ என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். வெறும் பையில் போட்டால் அவர் கையில்தான் குத்தும்.

பள்ளியில் தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் சிதறிவிட்டது. (தொண்டி)

பிள்ளைகளை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். இரண்டு அட்டைகளால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து, தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டு மூடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் கடலுக்குப் போய் மீனில் ஏறும்.

கரையில் மருத்துவக் கழிவுப் பை ஒதுங்கினால் யாரிடம் சொல்வது? (பாம்பன்)

திறக்காதீர்கள், பிள்ளைகளை நெருங்கவிடாதீர்கள். மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் உள்ளாட்சிக்கும் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் பக்கமென்றால் வனத்துறைக்கும் சொல்லுங்கள். அதற்கு முன் பையின் மேல் பார்கோடு இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனையின் பை என்பதை அது காட்டிக்கொடுக்கும். பார்கோடே இல்லையென்றால் அதையும் புகாரில் எழுதுங்கள், அதுவே விதிமீறல்.