பத்து நாளில் ஏழு முகாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலையில் கூடாரம் போட்டுத் தங்குவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து ஆசை வந்துவிட்டது. பத்து நாள் விடுப்பில் ஏழு முகாம் என்று திட்டம். கடைசி முகாம் 3,800 மீட்டரில். ஓய்வு நாள் வைக்கவில்லை. நாளுக்கு இருபது கிலோமீட்டர் நடப்பேன். 'நிதானமாகப் போங்கள்' என்கிறீர்களே, உடலில் தெம்பு இருப்பவனுக்கு அதனால் என்ன லாபம்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கால்கள்மேல் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உயரத்துக்குப் பழகுவது தெம்பைப் பொறுத்ததல்ல. தெம்புள்ளவர்தான் விறுவிறுவென ஏறி மாட்டிக்கொள்கிறார். 2,500 மீட்டரைத் தாண்டினாலே தலைவலி, குமட்டல் வரலாம். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கவேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி.

இருபது கிலோமீட்டர் கணக்கும் சமதரைக் கணக்கு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். முதுகில் மூட்டை இருந்தால் இன்னும் கூடும்.

சரி, லாபம் என்ன என்றீர்கள். (வியாபாரி மாதிரி கேட்டாலும் நியாயமான கேள்விதான்.) என் முதல் பயணத்தில், புல் மெத்தென்று இருக்கிறதே என்று ஓடையோரப் பள்ளத்தில் கூடாரம் அடித்தேன். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். எனக்கு அது தெரியாது. விடியும்போது என் மூச்சே கூடாரத்தின் உள்துணியில் முத்துமுத்தாகக் கோத்து நின்றது. எழுந்தபோது தலை பட்டு, அத்தனையும் ஸ்லீப்பிங் பேக்மேல் கொட்டியது. அதைக் காயவைக்கவே மறுநாளும் தங்கினேன். அப்போதுதான் ஐம்பதடி மேலே ஒரு திட்டு கண்ணில் பட்டது. அங்கே மாறினேன். அடுத்த காலை துணி கிட்டத்தட்ட உலர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் மாலை டீ போடும்போது கவனித்தேன். அதுவரை மேட்டுப்பக்கம் சாய்ந்த ஆவி ஒரு கணம் நேராக நின்றது, பிறகு பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்தது. பகலில் சரிவு சூடாகிக் காற்று மேலேறும். வெயில் போனதும் திரும்பிவிடும். மறுநாளிலிருந்து, ஆவி சாயும்போதே ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஏழு முகாமை இரண்டாக்குங்கள். இரண்டுமே 3,000 மீட்டருக்குக் கீழே இருக்கட்டும். 3,800ஐ இன்னும் நீண்ட விடுப்புக்கு வையுங்கள். போய்வந்து எழுதுங்கள், கூடாரத்தை எங்கே அடித்தீர்கள் என்பதையும் சேர்த்து.