சிறிய சபை ஒன்று குளிர்காலத்தில் என்ன செய்யலாம்? பீட்டர்மாரிட்ஸ்பர்க் அனுபவம்

கேள்வி: நீலகிரியில் முப்பது குடும்பங்கள் உள்ள சிறிய சபை எங்களுடையது. டிசம்பரில் கம்பளி கொடுப்பதோடு எங்கள் குளிர்கால ஊழியம் முடிந்துவிடுகிறது. வேறு ஊர்களில் சின்ன சபைகள் என்ன செய்கின்றன?

பதில்: நான் தமிழ்நாட்டு நாசரேத் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்தவள். எங்கள் சபை இங்கே நார்த்டேலில் இருக்கிறது. உங்கள் சபையைவிடச் சின்னது. என் கணவர் வீட்டார் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழி. 1860-ல் மதராஸிலிருந்து டர்பனுக்கு முதலில் வந்த ட்ரூரோ கப்பலிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். இன்று சபையில் பிள்ளைகள் பேசுவதெல்லாம் ஆங்கிலம். பெரியவர்கள் சிலர் மட்டும் தமிழ்க் கீர்த்தனைகளைப் புத்தகம் பார்க்காமல் பாடுவார்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். கம்பளி கொடுங்கள், நல்லதுதான். ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்பதைவிட எந்த வாரத்தில் கொடுக்கிறோம் என்பது முக்கியம். இங்கே நான் கண்டது அதுதான்.

முதலில் இந்த ஊர்க் குளிர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே குளிர்காலம். பகலில் நல்ல வெயில் அடிக்கும், புதிதாக வருபவர்கள் இதுவா குளிர் என்பார்கள். ஊர் ஒரு பள்ளத்தில் இருப்பதால், பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்றும் அடுப்புப் புகையும் கீழே இறங்கித் தங்கிவிடும். டூசி ஆற்றோரத் தாழ்வுகளில் விடியும்போது உறைபனி கிடக்கும். 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது இந்த ஊர் நிலையத்தில்தான். அவருடைய கோட்டு பெட்டியோடு ரயில்காரர்களிடம் இருந்தது. கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமலே இரவு முழுக்க நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தகரக் குடிசையில் இருப்பவர்களுக்கு அந்த இரவு மூன்று மாதம் நீள்கிறது. காப்ஸ்வில் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய, எங்கள் சபையிலிருந்து தூரமே இல்லை.

ஜூலை 18 மண்டேலா பிறந்த நாள். அவர் பொதுவாழ்வில் கழித்த 67 ஆண்டுகளுக்காக ஆளுக்கு 67 நிமிடம் பிறருக்கு உழைப்பது இந்த நாட்டு வழக்கம். அருமையான வழக்கம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு கம்பெனி, பள்ளிக்கூடம், மன்றம், சபை எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். ஒரே வீட்டுக்கு ஒரே மத்தியானம் மூன்று இடத்துச் சூப் வந்து சேரும். அடுத்த வாரம் யாரும் இல்லை.

இதை முதலில் கவனித்தவர் என் மாமியார். "பசி தேதி பார்த்தா வருது, பிள்ளே?" என்றார். அப்புறம் அவரே போய் அங்குள்ள பாட்டிமாரிடம் உட்கார்ந்து பேசினார். இங்கே வயதான பெண்களை எல்லாரும் கோகோ என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். ஒரு கோகோ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "மாசத்து முதல் வாரம் வராதீங்க, அப்ப எங்ககிட்டயே இருக்கும். கடைசியில வாங்க."

காரணம் எளிது. அரசு உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் வந்துவிடும். முதியோர் பணமும் குழந்தைகளுக்கான பணமும்தான் பல வீடுகளில் மொத்த வருமானம். 2025-ல் குழந்தை உதவித்தொகை மாதம் 560 ராண்ட். அதில் மக்காச்சோள மாவு, எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் வாங்கியாக வேண்டும். மூன்றாம் வாரம் மாவு மூட்டை அடி தட்டும். குளிர்காலத்தில் மண்ணெண்ணெய் கூடுதலாகச் செலவாவதால் அது இன்னும் சீக்கிரம் வரும். அதனால் இப்போது மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை, மாதத்தின் மூன்றாம் நான்காம் வாரங்களில், வியாழன் சாயங்காலம் நாங்கள் போகிறோம். மழையோ காற்றோ, ஆள் குறைவோ, போய்விடுவோம். வருவார்கள் என்று நம்பித்தான் அந்த வீடுகளில் அன்று உலை வைக்காமல் இருக்கிறார்கள். ஒரு வாரம் தவறினால் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு படுப்பார்கள்.

சமையல் எப்படி? பெரிய அண்டாக்கள் பக்கத்து இந்துக் கோயிலிலிருந்து வருகின்றன. திருவிழாவுக்கு அவர்கள் கேட்டால் எங்கள் நாற்காலிகள் அங்கே போகும். கோயில்காரர்களும் காய் நறுக்க வருவதால் மாட்டெலும்பு போடுவதில்லை. ஆரம்பத்தில் கடையில் கிடைக்கும் பார்லி, பட்டாணி, பருப்பு கலந்த சூப் மிக்ஸ்தான் வைத்தோம். சூப் குடித்த பிள்ளைக்கு இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும் என்று அந்த கோகோதான் சொன்னார். இப்போது உடைத்த மக்காச்சோளமும் சுகர் பீன்ஸ் என்கிற காய்ந்த பயறும் சேர்த்துக் கெட்டியாக வைக்கிறோம். மாமியார் அதில் கொஞ்சம் மசாலா தாளித்து ஊற்றுவார். பதம் பார்ப்பது கோகோவின் வேலை. அவர் உப்பு போதும் என்று சொல்லாமல் அடுப்பை அணைக்க மாட்டோம்.

சாமானுக்கு எங்கள் ஊர்ப் பிடியரிசிதான் வழி காட்டியது. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொண்டுவருவது திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இங்கே வீட்டுக்கு ஒரு டப்பா வைத்தோம். அரிசி, பீன்ஸ், மாவு, எது சமைக்கிறார்களோ அதில் ஒரு பிடி. உதவித்தொகையில் வாழும் எங்கள் சபை முதியவர்களும் இப்படிக் கொடுக்கிறார்கள். ஆயிரம் ராண்ட் எழுதித் தருபவரும் ஒரு பிடி பீன்ஸ் கொண்டுவருபவரும் ஒரே மேசையில் வைப்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறைகிறது.

கம்பளியைவிட உயிர் காப்பது ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. குளிருக்குப் பயந்து தகர டின்னில் கரி போட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் அடுப்பும் சாய்ந்தால் ஒரு வரிசைக் குடிசையே எரியும். படுக்குமுன் கரி டின்னை வெளியே எடுங்கள் என்று சாப்பாடு கொடுக்கும்போதே வீடு வீடாகச் சொல்கிறோம், ஜூலு மொழி தெரிந்த எங்கள் இளைஞர்களை வைத்து.

எரிபொருளை மிச்சம் பிடிக்க, சூடு காக்கும் பை தைத்துக் கொடுக்கிறோம். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தையே சேர்ந்த சாரா காலின்ஸ் 2008-ல் தொடங்கிய வொண்டர்பேக் அந்த மாதிரிதான். பழைய கம்பளி, தெர்மோகோல் துகள், கெட்டித் துணி இருந்தால் கையாலும் தைக்கலாம். ஊறவைத்த பீன்ஸை நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடிய பானையோடு பைக்குள் வைத்துக் கட்டினால் சில மணி நேரத்தில் தானே வெந்துவிடும். அடுப்பு எரியும் நேரம் பெருமளவு குறையும். தையல் தெரிந்த அக்காமார் உங்கள் சபையிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு முன் பிரசங்கம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பசியோடு வரிசையில் நிற்பவரை ஆமென் சொல்ல வைப்பது நியாயமில்லை. சாப்பிட்ட பிறகு ஜெபம் கேட்பவர்கள் கேட்பார்கள். அப்போது எங்கள் பாஸ்டர் எவ்வளவு நேரமானாலும் நிற்பார்.

2021 ஜூலைக் கலவரத்தில் இந்த ஊரில் கடைகள் எரிந்தன, ரொட்டிக்கு வரிசை நின்றது. இந்தியர் தெருக்களில் தடுப்பு போட்டு இரவெல்லாம் காவல் இருந்தார்கள். பயமும் கோபமும் இந்தியர், கறுப்பர் இரண்டு பக்கமும் இருந்தன. அந்த வியாழன் போக முடியவில்லை. தடுப்பு எடுத்ததும் போனோம். காப்ஸ்வில் பெண்கள் தங்களிடம் இருந்த மாவில் ஒரு பங்கை எங்களுக்கு எடுத்து வைத்திருந்தார்கள்.

உங்கள் ஊருக்கு வருகிறேன். டிசம்பரில் கிறிஸ்துமஸ் என்று எல்லாரும் கொடுப்பார்கள். ஆனால் உறைபனியில் தேயிலை கருகி, இலை குறைந்து, தோட்டத்துக் கூலி இறங்குவது ஜனவரி, பிப்ரவரியில். உங்கள் பக்கத்தில் கூலி எந்தத் தேதியில் கைக்கு வருகிறது, எந்த வாரம் தீர்கிறது என்று முதலில் லயத்துப் பெண்களிடமே கேளுங்கள். கம்பளியில் பாதியை அந்த வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். கரி அடுப்பு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாமல் நவம்பரிலேயே சொல்ல ஆரம்பித்துவிடுங்கள்.