ஜெயிக்கவும் தோற்கவும் வழியில்லாத ஒன்றைக் கேம் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், நீங்களே ஒன்றைச் செய்து வெளியிட்டு "இதெல்லாம் கேமா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டது போலத் தெரிகிறது. எனக்கும் அதேதான் நடந்தது.

எனக்குக் கடலூர். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அந்த இரவை வைத்து ஒரு சின்ன கேம் செய்தேன். ஓட்டு வீடு, ஆயா, பேரன். ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைக்கலாம், கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம், ஆயாவோடு பேசலாம். விடிந்ததும் கொல்லையில் சாய்ந்து கிடக்கும் முந்திரி மரங்களுக்கு நடுவே நடக்கலாம். ஸ்கோர் கிடையாது. என்ன செய்தாலும் மரங்கள் விழும்.

பகலில் பில்லிங் மென்பொருள் வேலை, ராத்திரியில் இது. காற்றுச் சத்தத்தில் ஓரிடத்தில் வெட்டு விழுந்தது. அதைப் பிடிக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே ஊளையைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஓடு சரியும் காட்சியில் ஆயா சுவருக்குள் புகுந்துகொள்ளும். சரிசெய்ய, மறுபடி ஓட்டைச் சரிய விட வேண்டும். என் சொந்த ஆயா அப்போது உயிரோடு இல்லை. அம்மா ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு "நிறுத்துப்பா" என்று எழுந்து போய்விட்டார். இத்தனைக்கும் பிறகு முதலில் வந்த கருத்து: "இது கேமே இல்லை, டைம் வேஸ்ட்."

வரையறைதான் வேண்டுமென்றால், தேவையில்லாத தடைகளை நாமே விரும்பித் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்று 1978-ல் தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ் எழுதினார். கபடிக்கும் சதுரங்கத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும். இன்னொரு தத்துவவாதி விட்கென்ஸ்டைனோ எல்லா விளையாட்டுக்கும் பொதுவான ஒரே அம்சம் கிடையாது, குடும்பத்தாரிடம் இருப்பதுபோல் அங்கங்கே சாயல்தான் உண்டு என்றார். நான் அவர் பக்கம். பிள்ளைத்தமிழில் சிற்றில் கட்டி விளையாடுகிறார்களே, அதில் யார் ஜெயித்தார்கள்? சொப்பு வைத்துச் சோறாக்கும் பிள்ளையிடம் ஸ்கோர் கேட்பீர்களா? புற்றுநோயில் மகனை இழந்த ரையன், ஏமி கிரீன் தம்பதி 2016-ல் வெளியிட்ட 'தட் டிராகன், கேன்சர்' கேமிலும் அந்த நோயை ஜெயிக்க வழியில்லை.

"அப்போ சினிமாவும் கேமா?" என்று உடனே வருவார்கள். இல்லை. நீங்கள் தூங்கினாலும் படம் ஓடும். இங்கே நீங்கள் பாத்திரம் வைக்காவிட்டால் ஆயாவின் பாய் நனையும். புயலைக் காசாக்கினேன் என்பவர்களுக்கு: இலவசமாகத்தான் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு டிசம்பர் வந்தால்தான் கடலூர் ஞாபகம் வருகிறது. முழங்கால் தண்ணீரில் மைக்கோடு நின்றுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மறுபடி முந்திரிக் கன்று நட்டு, காய்க்கும்வரை அந்தக் குடும்பங்கள் எதை வைத்துச் சாப்பிட்டன என்று கேட்க ஒருவரும் திரும்பி வரவில்லை.

சரி, உங்கள் விஷயம். கேம் பிரிவிலேயே வையுங்கள், மாற்றாதீர்கள். விளக்கத்தின் முதல் வரியிலேயே ஸ்கோர் கிடையாது, எவ்வளவு நேரத்தில் முடியும் என்று எழுதிவிடுங்கள். சண்டைக்கு வருபவர்களில் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அப்புறம், லிங்க் அனுப்புங்கள், விளையாடிப் பார்க்கிறேன்.