வாய்க்குள் புதிய இனம்: வாசகர் கேள்விகளுக்கு நுண்ணுயிர் ஆய்வாளர் பதில்

ஈசூன், தொடக்கக் கல்லூரி மாணவி: எச்சிலில் உள்ள மரபணுவைப் படித்துப் பார்த்தாலே புதிய பாக்டீரியாவைக் கண்டுபிடித்துவிடலாமா, ஐயா?

சந்தேகப்படலாம், அவ்வளவுதான் அம்மா. முதலில் பார்ப்பது எல்லாப் பாக்டீரியாக்களிலும் இருக்கும் 16எஸ் என்ற மரபணு. ஏறத்தாழ 1,500 எழுத்து நீளம். தெரிந்த இனங்களோடு அது 98.7 விழுக்காட்டுக்கும் குறைவாக ஒத்துப்போனால், புதிய இனம் சிக்கியிருக்கக்கூடும். ஆனால் நிமோனியா தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும், நம் வாயில் சாதுவாக வாழும் மைட்டிஸ் என்ற அதன் உறவினமும் இந்த மரபணுவில் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒன்றுபோலவே இருக்கின்றன! அதனால் மரபணுத்தொகுதி முழுவதையும் ஒப்பிடுகிறோம். அங்கே எல்லைக்கோடு 95, 96 விழுக்காடு; ஒற்றுமை அதற்குக் கீழே போனால் வேறு இனம்.

அதன் பிறகும் வேலை முடிவதில்லை. கிருமியைத் தனியே வளர்த்து, இரு வேறு நாடுகளின் நுண்ணுயிர்க் காப்பகங்களில் வைத்தால்தான் வழக்கமான விதிப்படி முறையான பெயர் கிடைக்கும். வளராதவற்றுக்கு மரபணுத்தொகுதியையே சான்றாக ஏற்கும் தனி விதித்தொகுப்பு 2022இல் வந்தது. எனக்கு என்னவோ, உயிரோடு கையில் இருக்கும் கிருமியின் மேல்தான் நம்பிக்கை.

உட்லண்ட்ஸ், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: வளர்ப்பதில் என்ன சிரமம்?

பலவற்றுக்கு ஆக்சிஜனே நஞ்சு. சிலவற்றுக்குத் துணை வேண்டும். டிஎம்7 என்ற பாக்டீரியா வகையின் மரபணு 1990களில் ஜெர்மனியின் சதுப்பு மண்ணில் அகப்பட்டது. பிறகு மனித வாயிலும் தென்பட்டது. ஆனால் 2015இல்தான் வாயிலிருந்து எடுத்த ஒன்றை வளர்க்க முடிந்தது. காரணம், அது ஆக்டினோமைசிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு பிழைக்கும் ஒட்டுண்ணி. தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களைத் தானே செய்துகொள்ளக்கூடத் தெரியாது. விருந்தாளியை மட்டும் தட்டில் இட்டு வளரச் சொன்னால் எப்படி வளரும்?

பொங்கோல், இல்லத்தரசி: புதிய இனம் என்றால் புதிய நோயா?

இல்லை. பெரும்பாலும் அது காலங்காலமாக நம்மோடு இருந்ததுதான்.

தேக்கா, ஓய்வுபெற்றவர்: நாற்பது ஆண்டுகளாக வெற்றிலை பாக்கு போடுகிறேன். என் வாயில் பெயரில்லாத இனம் ஏதும் இருக்குமா?

இருக்கலாம் ஐயா. மனித வாயில் கண்டறிந்த எழுநூறு சொச்சம் இனங்களில் கணிசமானவற்றுக்கு இன்னும் முறையான பெயரில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை பாக்கைப் பற்றித்தான். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. வாய்க்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால், இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.