யூசுப் ஏன் வாசலிலேயே நின்றான்?

வணக்கம். எகிப்தின் லக்சரில் நடக்கும் உங்கள் மர்மத் தொடரை இரண்டே நாளில் படித்து முடித்தேன். எனக்குக் கடைசிவரை கைடு யூசுப் மேல்தான் சந்தேகம். பழைய எகிப்து மன்னர்களைப் புதைத்த அரசர் பள்ளத்தாக்கில் எல்லோரையும் கல்லறைக்குள் அனுப்பிவிட்டு அவன் மட்டும் வெளியே நிற்கிறான். சிலை எங்கிருந்து திருடப்பட்டது என்று தெரிந்தும் போலீஸிடம் வாய் திறக்கவில்லை. கடைசியில் பார்த்தால் அவன் குற்றவாளியே இல்லை! வாசகரைத் திசைதிருப்பவே ஒரு பாத்திரத்தைப் படைக்கலாமா?

க.மீ., மதுரை

அன்புள்ள க.மீ.,

திசைதிருப்புவதற்காக நான் அவனை வெளியே நிறுத்தவில்லை. அங்கே எல்லா கைடுகளும் அப்படித்தான் நிற்கிறார்கள். அரசர் பள்ளத்தாக்கில் கல்லறைக்குள் நின்று விளக்கம் சொல்ல அவர்களுக்கு அனுமதி கிடையாது. உள்ளே கூட்டம் தேங்கினால் மூச்சும் வேர்வையும் சேர்ந்து சுவர்ச் சித்திரங்களைக் கெடுத்துவிடும். அதனால் வெளியிலேயே படங்களைக் காட்டி, எந்தச் சுவரில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அவன் வாய் திறக்காததற்குக் காரணம் அவன் ஊர். லக்சருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையில் இருந்த குர்னாவில் வீடுகள் பழங்காலக் கல்லறைகளின் மேலேயே கட்டப்பட்டிருந்தன. அந்த ஊர் அப்துல் ரசூல் சகோதரர்கள் 1871 வாக்கில், மலையடிவாரத்தில் கிணறு போல இறங்கும் ஒரு குழியைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் கிடைத்ததைப் பத்து வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார்கள். 1881இல் விசாரணை வந்தது. சகோதரர்களில் ஒருவரான அகமதை உள்ளங்காலில் அடித்தார்கள், அவர் சொல்லவில்லை. கடைசியில் அண்ணன் முகமது சொல்லிவிட்டார். அவருக்கு 500 பவுண்டு பரிசும் காவலர் தலைவர் வேலையும் கிடைத்தன.

ஜூலை 6ஆம் தேதி தொல்பொருள் துறை அதிகாரி எமில் புரூக்ஷ் அந்தக் குழியில் இறங்கினார். முதலாம் சேத்தி, இரண்டாம் ராம்சேஸ் போன்ற மன்னர்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் பதப்படுத்திய உடல்கள் அங்கே இருந்தன. அவற்றை ஏற்றிய நீராவிப் படகு கெய்ரோவுக்குக் கிளம்பியபோது, நைல் கரை நெடுகப் பெண்கள் தலைவிரி கோலமாக ஓடிவந்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டார்கள், இழவு வீட்டில் சுடுவது போல. பிழைப்பு போயிற்றே என்ற அழுகைதான் அது என்பார்கள். எனக்கு அப்படி முழுசாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. செத்து மூவாயிரம் வருஷம் ஆனாலும், அவர்கள் வீட்டுக்கு அடியில் கிடந்தவர்கள் அல்லவா?

யூசுப் இந்த ஊர்க்காரன். 2006க்குப் பிறகு புல்டோசர் வந்து குர்னா வீடுகளை இடித்தபோது அவன் வீடும் போனது. காட்டுவது அவன் தொழில். காட்டிக்கொடுப்பது அவன் ஊரில் 1881இலிருந்து ஆறாத புண். போலீஸ் கேட்டது இரண்டாவதை. நீங்கள் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: விசாரணை அத்தியாயத்தில் இதற்கு ஒரு வரியாவது இடம் கொடுத்திருக்க வேண்டும். புத்தகமாகும்போது சேர்த்துவிடுகிறேன்.

ஆனால் அவன் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். ஒன்பதாம் அத்தியாயத்தை மறுபடி எடுங்கள். பிரபுக்களின் கல்லறை ஒன்றில் மின்விளக்கு அணைந்துபோகிறது. வாசலில் இருக்கும் காவல்காரக் கிழவர் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டையை எடுக்கிறார். யூசுப் அதைத் தன் கையில் வாங்கி, வெயிலைத் திருப்பி உள்ளே அனுப்புகிறான். அந்த வெளிச்சம் சுவரில் நகர்ந்து நகர்ந்து எந்த உருவத்தின் மேல் போய் நிற்கிறது, எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.