தரையில் விழுந்த பிறகு

அன்புள்ள ஐயா,
தொண்டிக் கடற்கரையில் ஆறு வருடமாகச் சிலம்பமும் குத்துவரிசையும் பழகுகிறேன். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் எம்எம்ஏ சண்டைகளையும் விடாமல் பார்ப்பேன். பழைய போட்டிகளில் ஒவ்வொருவரும் ஒரு கலையின் ஆளாக நின்றார்கள். இப்போது எல்லோரும் ஒரே மாதிரி சண்டை போடுகிறார்கள். கலைகள் செத்துவிட்டனவா?
வாசகர், தொண்டி

அன்புள்ள தம்பி,

சாகவில்லை. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி என்ற எம்எம்ஏ போட்டியை மறுபடி பாருங்கள். குத்துச்சண்டைக்காரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கையுறை போட்டு வந்தார். தரையில் கட்டிப்பிடித்துப் பூட்டுப் போடும் கலையான பிரேசில் ஜூஜிட்சுவில் தேர்ந்த ராய்ஸ் கிரேசி அவரைச் சாய்த்து மேலே ஏறியதும் ஜிம்மர்சன் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். பெரிய அடி ஒன்றும் விழவில்லை. விழுந்த பிறகு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மண்டபம் ஊர்க் கடற்கரை மணலில் கட்டிப்புரண்டு வளர்ந்த எனக்கு அந்தத் திகைப்பு நன்றாகப் புரியும்.

அப்புறம் மல்யுத்தக்காரர்கள் வந்தார்கள். மார்க் கோல்மன் ஆளைச் சாய்த்து, கை, கழுத்தை மடக்கிப் பூட்டுப் போடத் தேடாமல், மேலிருந்தே குத்தினார். 1997இல் அவரை மாரிஸ் ஸ்மித் என்ற கிக்பாக்ஸர் வென்றார். இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. கோல்மனுக்கு நிகராக மல்யுத்தம் செய்ய ஸ்மித் முயலவே இல்லை. கீழே கிடக்கும்போது தப்பிக்க, எழுந்து நிற்க, எதிராளிக்கு மூச்சு வாங்கும்வரை பொறுக்கப் பழகியிருந்தார். எழுந்தபின் உதையும் குத்தும் அவருடைய சொந்தச் சரக்கு. தன் கலையைக் காப்பாற்ற எதிராளியின் கலையில் பாதியைக் கற்றிருந்தார்.

உங்கள் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிவது அந்தப் பாதிதான். இன்று எல்லோருக்கும் அது தெரியும். மீதியில் ஆளுக்கு ஆள் ஊர் தெரிகிறது. கபீப் நூர்மகமெதோவ் 29 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்றார். அவர் பிடியில் அவருடைய ஊரான ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதி மல்யுத்தம் இருந்தது. கராத்தே இந்தக் கூண்டுக்கு ஆகாது என்று பலர் பேசிக்கொண்டிருந்தபோது, 2009இல் லியோட்டோ மச்சிடா எதிராளியிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்ற அதே கராத்தேயின் இடைவெளிக் கணக்கோடு பட்டம் வென்றார். சாய்க்க வந்தால் தடுக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

சிலம்பக்காரருக்கு இடைவெளிக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பில்லாமலும் அந்தக் காலடி உதவும். சரி, உங்கள் ஆசானிடம், ஆளைப் பிடித்து மடக்கும் பிடிவரிசையும் கேட்டு வாங்குங்கள். காலைப் பிடிக்கப் பாய்பவனிடமிருந்து கால்களைப் பின்னால் வீசி, இடுப்பின் பாரத்தை அவன் முதுகில் இறக்கப் பழகுங்கள். தண்ணீர் வாங்கிய ஈர மணலில் பழகுங்கள். காய்ந்த மணலில் கால் புதையும்.